தெய்வானை டீச்சர் எந்த வீட்டில் இருந்தார்?

செய்தியைப் போனில் சொன்னது அவருடைய அண்ணன் மகள் கவிதா. நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், அத்தை காலைல போயிட்டாங்க. ஊருக்குக் கொண்டாந்துட்டோமுங்க. மத்தியானம் எடுத்துருவாங்க, உங்களால வர முடியுங்களா?" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைத்தேன். உரித்த வெங்காயத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு சிங்காநல்லூர் போய்ப் பஸ் ஏறினேன்.

ஊர் பல்லடத்துக்குப் பக்கத்தில். எப்போது போனாலும் தறிச் சத்தத்தில்தான் அங்கே பேச வேண்டியிருக்கும். அன்று அந்தத் தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே அவருடைய அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். உண்மையான அழுகைதான். வயதான உறவினர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில தங்கச்சி எங்கீங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இங்கதானுங்க மாமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில காட்டோணும்னு கோயமுத்தூர் போன எடத்துல இப்படி ஆகிப்போச்சு."

துக்க வீட்டில் மறுத்துப் பேசுவது முறையல்ல. ஆனால் தெய்வானை டீச்சரிடம் கணக்குப் படித்தவர்களும், அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அவர் அந்த வீட்டில் இருக்கவில்லை. வடவள்ளியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கடைசிக் காலையிலும் அங்கேதான் இருந்தார். இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று யோசித்தேன். தான் எங்கே குடியிருந்தார் என்பதைச் சொல்வதற்காக ஒரு காலத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றவர் அவர். அன்று அவருக்குச் சாட்சியாக இருந்தவள் நான். எனவே உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

வால்பாறைப் பள்ளிக்கு நான் மாற்றலாகிப் போனபோது அவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் அவர், ஒன்றில் நான். நடுவில் ஓர் அடுப்படி. வறண்ட ஊர்க்காரரான அவருக்கு அந்த மழை கடைசிவரை வேடிக்கையாகவே இருந்தது. "எங்க ஊர்ல மேகத்தைப் பாக்கோணும்னா கழுத்து வலிக்கும். இங்க கட்டிலுக்கு அடியில வந்து படுத்துக்குதுங்க டீச்சர்" என்பார். நாங்கள் எத்தனை ஆண்டுகள் பழகியும் ஒருவரை ஒருவர் டீச்சர் என்றுதான் அழைத்தோம். இருவருமே 'ங்க' போடாமல் பேசியதில்லை.

அவரிடம் படித்தவர்களுக்கு அந்த ஒரு மார்க் நினைவிருக்கும். "தெரியலீன்னா தெரியலீன்னு எழுது. அதுக்கும் ஒரு மார்க் போடறேன். தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதுனா முட்டைதான்" என்று வகுப்பில் அறிவித்திருந்தார். எஸ்டேட் பையன் ஒருவன் அரைப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் "தெரியாதுங்க டீச்சர்" என்று வரிசையாக எழுதிக் கொடுத்தான். மரியாதையாக வேறு எழுதியிருந்தான். தலைமையாசிரியர் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னங்கம்மா இது?" என்றார். "உண்மையத்தானுங்க சார் எழுதியிருக்கறான். ஆனா ஒரே உண்மையப் பல தடவ சொல்லியிருக்கறான். ஒரு மார்க் போதும்" என்று சொல்லி, ஒன்று போட்டுக் கொடுத்தார். அந்தப் பையன் இப்போது எங்கோ நன்றாக இருப்பான் என்று நம்புகிறேன்.

இவ்வளவு கறாரானவர் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் ஒவ்வொரு வாரமும் நடக்காத ஒன்றைச் சொல்லிவந்தார். அது அவருடைய அம்மாவிடம்.

கைப்பேசி எல்லோர் கையிலும் வராத காலம். கடைவீதியில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து, ஊரில் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக்குப் போன் போடுவார். அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள். நான் வெளியே குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். பேச்சு எப்போதும் இப்படித்தான் முடியும்: "ஆமாங்மா. இந்தச் சனிக்கிழமை வாரேனுங்மா."

சனிக்கிழமை நான் கோவையில் இருந்த என் வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். அவர் ஏற மாட்டார். ஒருமுறை கேட்டுவிட்டேன். "போனா எம்பட ரூமுல நூல் மூட்டை அடுக்கியிருக்குதுங்க டீச்சர். அண்ணனுக்குத் தறி பெருகிப் போச்சு, எடம் பத்தல. அது பரவால்லீங்க, ஊட்டு முன்னால ஆசாரத்துல படுத்துக்கலாம். காலைல எந்திரிச்சா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஏன் கல்யாணம் பண்ணலீன்னு பதில் சொல்லோணும். இங்க அட்டை மட்டுந்தானே கடிக்குது" என்று சிரித்தார்.

டீச்சரின் அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஒரு கல்யாணத்துக்குப் பல்லடம் போயிருந்தபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்மணி, "ஏனுங்க அம்மணி, காடு தோட்டம் பூராவும் அண்ணனுக்கேன்னு கோர்ட்டுல தீர்ப்பாயிருச்சாமா? உங்களுக்கு நல்ல மனசுங்க" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டியிருக்கிறார். டீச்சருக்கு அப்போதுதான் வழக்கென்று ஒன்று நடந்ததே தெரியும்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் கோர்ட்டில் வழக்குக் காகிதங்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அண்ணன் போட்ட வழக்கு. அப்பா உயிரோடு இருந்தபோதே சொத்தெல்லாம் மகனுக்கு என்று வாய்மொழியாகப் பேசி முடித்துவிட்டார், தங்கை நகையும் படிப்பும் வாங்கிக்கொண்டு தன் பங்கை விட்டுவிட்டாள் என்பது வாதம். தங்கைக்குச் சம்மன் போயிற்று, அவர் ஆஜராகவில்லை, ஆகவே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு.

"எனக்குச் சம்மன் வரவே இல்லீங்களே?"

"வந்துருக்கே. உங்க அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க."

ஆசிரியர்களுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம் சொல்கிறேன். வருகைப் பதிவு எடுக்கும்போது வராத பையனுக்காகப் பக்கத்துப் பையன் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுப்பான். நாம் தலையைத் தூக்கிப் பார்க்காவிட்டால் அது பதிவாகிவிடும். பிறகு அந்தப் பையனே வந்து நான் வரவில்லை என்றாலும் நம்ப மாட்டோம். நீதிமன்றம் அப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் சம்மன் கொண்டுபோகிற அமீனா, யாரிடம் கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன் என்று திரும்பி வந்து எழுதித் தர வேண்டும். ஆள் இல்லாவிட்டால், அவரோடு அதே வீட்டில் குடியிருக்கும் பெரியவர்களிடம் கொடுக்கலாம். அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

அமீனா எழுதியதை வக்கீலம்மா படித்துக் காட்டினார்: "பிரதிவாதி வீட்டில் இல்லை. உடன் குடியிருக்கும் தாயார் பெற்றுக்கொண்டார். பிரதிவாதி இங்கேயே குடியிருப்பதாகவும், வேலைக்கு வால்பாறை சென்றிருப்பதாகவும், சனிக்கிழமை வந்துவிடுவார் எனவும் தாயார் கூறினார்."

டீச்சர் அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

கல்யாணமாகாத மகள் வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்று, முன்பின் தெரியாத ஓர் ஆணிடம், அதுவும் அரசாங்கக் காகிதத்தோடு வந்து நிற்பவரிடம், அந்தப் பக்கத்துத் தாய் எவரும் சொல்ல மாட்டார். சொந்தபந்தம் கேட்டாலும் அந்த அம்மா இதையேதான் சொல்லிவந்திருக்கிறார். இங்கேதான் இருக்கிறாள், வேலைக்குப் போயிருக்கிறாள், சனிக்கிழமை வந்துவிடுவாள். மானத்தைக் காக்கச் சொன்னது. அது கோர்ட்டில் சாட்சியமாகிவிட்டது.

வக்கீலம்மா வழியைச் சொன்னார். "தீர்ப்ப ரத்துப் பண்ணக் கேட்டு மனுப் போடலாம். நீங்க அந்த வீட்டுல குடியில்லைன்னு நிரூபிக்கணும். அவங்க உங்கம்மாவச் சாட்சியாக் கொண்டு வருவாங்க. நான் குறுக்கு விசாரணையில, ஏம்மா பொய் சொன்னீங்கன்னு கேக்க வேண்டியிருக்கும்."

"எங்கம்மாவ ஒரு கேள்வியும் கேக்கக் கூடாதுங்க."

"கேக்கலைன்னா சம்மன் முறையா உங்களுக்குச் சேந்துருச்சுன்னு ஆயிடும் டீச்சர். பங்கு போயிடும்."

டீச்சர் யோசித்தார். "அவங்களக் கேக்கறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லாத மாதிரி நானே எல்லாத்தையும் சொல்லிப் போடறேனுங்க" என்றார்.

விசாரணையன்று அவருடைய அம்மா மகனோடுதான் வந்தார். மகளைப் பார்த்ததும், "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார். சாட்சி சொல்லப் போகிறவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றதால் நானும் அந்த அம்மாவும் வராந்தா பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டோம். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு சொல் விடாமல் கேட்டது.

உள்ளே கூண்டில் ஏறிய டீச்சரை அண்ணனின் வக்கீல் விடவில்லை. "அந்த ஊட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க. இப்ப நூல் மூட்டை இருக்குதுங்க."

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"அப்ப நீங்க சனிக்கிழமை வருவீங்கன்னு உங்கம்மா சொன்னது பொய்யா? பெத்த தாய் பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

என் பக்கத்தில் அந்த அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா பொய் சொல்லலீங்க" என்றது டீச்சரின் குரல். "நாந்தான் வாராவாரம் போன்ல சனிக்கிழமை வாரேன்னு சொல்லுவேன். போக மாட்டேன். நான் சொன்னத அவங்க நம்புனாங்க. நம்புனதச் சொன்னாங்க. அந்த ஊட்டுக்கு நான் விருந்தாளி மாதிரி எப்பவாச்சும் போறவ. குடியிருக்கறது வால்பாறையிலீங்க."

நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "சனி ஞாயிறு நீங்க கோயமுத்தூர் போயிருவீங்க. அவங்க வால்பாறையிலதான் இருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த வக்கீல் கேட்டார். நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் துவைத்துவிட்டுப் போகும் ஈரப் புடவைகள் திங்கட்கிழமை காய்ந்து, மடித்து, என் கட்டிலில் இருக்கும். அந்த மழையில் துணி தானாகக் காயாது. அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டிப் போட்டு, யாராவது இருந்து திருப்பித் திருப்பிப் போட வேண்டும். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "ஆமா, காயாது" என்றார். அவர் மலையில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்.

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு சனி ஞாயிறும் அந்த மனுஷி தனியாக உட்கார்ந்து, வேறொருத்தியின் புடவையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அமீனா வந்து, அந்த அம்மா சொன்னதைத்தான் எழுதினேன், மகள் டீச்சர் என்று பெருமையாகச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள் என்றார். அவர் மேல் தவறில்லை. கடைசியில் அம்மாவை ஏற்றினார்கள். அவர் கைகூப்பி, "எம்மக சொன்னதுதானுங்க சாமி" என்றார். அதற்கு மேல் அண்ணனின் வக்கீல் கேட்காமல் இருந்திருக்கலாம். அவர் கேட்டார்.

"அது இருக்கட்டும்மா. சம்மன் காயிதத்த மகள்கிட்டச் சேத்துட்டீங்கல்ல?"

"இல்லீங்க. பையன்கிட்டக் குடுத்தேன்."

"யாருகிட்ட?"

"எம்பையன்கிட்டத்தானுங்க. ஊட்டுக்கு வர்ற காயிதமெல்லாம் அவந்தானே பாக்கறவன்? தங்கச்சிக்கு வந்திருக்குது, குடுத்துருன்னு சொன்னேன். நான் பாத்துக்கறேன்னு வாங்கி வெச்சான்."

தங்கைமேல் வழக்குப் போட்ட அண்ணனிடமே தங்கையின் சம்மன் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு அது என்ன காகிதம் என்றும் தெரியாது, யார் போட்டது என்றும் தெரியாது. வீட்டுப் பழக்கம் எதுவோ அதைச் செய்திருக்கிறார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீலம்மா எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார்.

தீர்ப்பு ரத்தானது பிறகு வந்த சேதி. அன்று மாலை நடந்ததுதான் எனக்குப் பெரிது. நீதிமன்ற வாசலில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் அம்மாவும் மகளும் நின்றார்கள். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா தடுத்துவிட்டார்.

"இனிமே வாரேன்னு சொல்லாத கண்ணு. வரலீன்னா வரலீன்னு சொல்லிரு. நான் சோறு கொஞ்சமா வடிப்பேன்."

அத்தனை சனிக்கிழமையும் அவர் சேர்த்து வடித்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடியும்வரை டீச்சர் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார்.

அதன் பிறகு பூத்தில் அவர் பேசுவது மாறிவிட்டது. "இந்த வாரம் வரலீங்மா" என்று தெளிவாகச் சொல்வார். சில வாரம், "வாரேனுங்மா" என்பார். சொன்னால் போய்விடுவார். மழையில் பஸ் நின்றுபோன ஒருநாள் பாதி வழி ஜீப்பில் போனார். அம்மா இருந்தவரை இது நடந்தது. வழக்கைப் பேசித் தீர்த்ததில் அவருக்கு ஓடைப் பக்கம் கொஞ்சம் நிலம் வந்தது. வீட்டில் பங்கு கேட்கவில்லை. "அது எங்கண்ணன் ஊடுங்க டீச்சர். அங்க நான் இல்லைன்னு நானே சொல்லி ஜெயிச்சிருக்கேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை.

ஓய்வு பெற்றுக் கோவைக்கு வந்தபோது அவருக்காக நான் வீடு தேடினேன். வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, "யாரெல்லாம் இருப்பீங்க?" என்பதுதான். "நான் ஒருத்திதானுங்க" என்பார் டீச்சர். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "அண்ணன் மகள் வந்து போகும்னு ஒரு வார்த்தை சொல்லி வையுங்க" என்று அலுத்துப்போய்ச் சொன்னேன். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"நான் இல்லாத ஊட்டுல இருந்தேன்னு ஒருக்காக் கோர்ட்டுலயே எழுதிட்டாங்க டீச்சர். இனி இருக்கற எடத்துல இருக்கற மாதிரி இருந்துக்கறேன்."

வடவள்ளி வீட்டுக்காரர்கள் மட்டும் சரி என்றார்கள். அங்கே அவர் கடைசிவரை இருந்தார். கவிதா மாதம் ஒருமுறை வருவாள். நான் ஞாயிற்றுக்கிழமை போவேன், முழங்கால் விட்டால். மற்ற நாளெல்லாம் அவர் தனியாகத்தான் இருந்தார். அது சுகமாக இருந்தது என்று அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "சாயந்திரம் ஆனாக் கொஞ்சம் செரமந்தானுங்க" என்பார். அவ்வளவுதான். மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். புகைப்படம்கூட எங்களிடம் சரியாக ஒன்று இல்லை.

நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். கணவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில். சிலிண்டர் கொண்டுவருபவர், கொரியர்காரர், யார் மணி அடித்தாலும், மகன் உள்ளே தூங்குகிறான் என்றோ, இப்போதுதான் கடைக்குப் போனான் என்றோ சொல்வது என் வழக்கம். தனியாக இருக்கும் வயதான பெண்கள் எல்லோரும் சொல்வதுதான். சொல்லச் சொல்லிப் போலீஸ்காரர்களே அறிவுரை தருகிறார்கள்.

சென்ற வாரம் தபால்காரர் வந்தார். மகன் பெயருக்குப் பதிவுத் தபால்.

"சார் இருக்காருங்களா மேடம்?"

"இல்லீங்க."

"வெளிய போயிருக்காருங்களா? சாயந்திரம் வந்துருவாருங்கன்னா நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம்."

வாங்கியிருக்கலாம். பேனாவை நீட்டிக்கொண்டுதான் நின்றார்.

"வர மாட்டாருங்க. அவர் இங்க இல்லீங்க. நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் உறையின்மேல் எதையோ எழுதினார். தலையை நிமிர்த்தி என்னை ஒரு கணம் பார்த்தார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார்.